பிறனும் அடுத்திருப்பவரும்: ஹென்றி டுனான்டின் நூலை மேலப்பாளையத்தின் அருகிலிருந்து வாசித்தல்

ஜெனீவா நகர வணிகரான ஹென்றி டுனான்ட் 1862ஆம் ஆண்டில் தம் சொந்தச் செலவில் 1,600 படிகள் கொண்ட ஒரு சிறு நூலை அச்சிட்டார். சோல்பரீனோ போர்க்களத்தைப் பற்றிய நினைவு நூல் அது. ஐரோப்பாவின் அரசர்கள், அமைச்சர்கள், படைத்தலைவர்கள், அறச்செயல்களில் ஈடுபட்ட பெருமக்கள் ஆகியோர் கைக்கு அது சென்றது. மறு ஆண்டே, 1863 பிப்ரவரியில், ஐவர் கொண்ட ஒரு குழு ஜெனீவாவில் கூடிற்று. செஞ்சிலுவை இயக்கம் அதிலிருந்து பிறந்தது. 1864 ஆகஸ்டு 22ஆம் நாள் பன்னிரண்டு அரசுகள் முதலாம் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. ஒரு சிறு நூல் இத்துணை விரைவில் அரசுகளை அசைத்தது அரிய நிகழ்ச்சியே.

டுனான்ட் சீர்திருத்தத் திருச்சபையின் மகன். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தை ஜெனீவாவில் நிறுவியவர்களுள் ஒருவர். 1855இல் பாரிஸில் அச்சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு உருவாக உழைத்தவர். ஆதலின் நம்மவர்க்கு அவர்மீது ஒரு தனி உரிமையுணர்வு உண்டு. நல்ல சமாரியன் உவமையை விளக்கும் அருளுரைகளில் இவரை அந்தச் சமாரியனாகவே நிறுத்திக் காட்டுவது எளிது. அவ்வாறு காட்டுவது சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சியை நூலகத்தில் அமர்ந்து மட்டும் செய்ய நாம் விரும்பவில்லை. பாளையங்கோட்டையின் ஊசிக்கோபுரத்திலிருந்து மேலப்பாளையத்தின் பள்ளிவாசல்கள் வரையுள்ள சில கிலோமீட்டர் தூரத்தை மனத்திற்கொண்டு இந்நூலை வாசிக்க விரும்புகிறோம். ஏனெனில் உலகளாவிய இரக்கத்தைப் பற்றிய எந்த நூலுக்கும் உரைகல் உள்ளூரே.

1. நூல் சொல்வது

1859 ஜூன் 24ஆம் நாள் வட இத்தாலியில் சோல்பரீனோ என்னுமிடத்தில் பிரெஞ்சு, சார்தீனியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் மோதின. ஒரே நாளில் மாண்டோரும் புண்பட்டோருமாக ஏறத்தாழ 40,000 பேர் வீழ்ந்தனர். புண்பட்டவர்கள் அருகிலிருந்த காஸ்டில்யோனே என்னும் சிற்றூருக்கு ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். மருத்துவர் சிலர், தண்ணீர் குறைவு, துணி இல்லை. ஊரின் ஆலயங்களே மருத்துவமனைகளாயின. அவ்வூர்ப் பெண்கள் தண்ணீர்க் குடங்களோடும் கிழித்த துணிகளோடும் வந்து, வீழ்ந்து கிடந்தவன் நண்பனா பகைவனா என்று கேளாமல் பணிவிடை செய்தனர். எல்லாரும் உடன்பிறந்தோரே என்பது அவர்கள் வாயில் வழங்கிய சொல் என்று டுனான்ட் பதிவு செய்கிறார்.

நூலின் முற்பகுதி போரை வருணிக்கிறது. நடுப்பகுதி இப்பணிவிடையைச் சொல்கிறது. இறுதிப்பகுதி இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் அமைதிக் காலத்திலேயே தொண்டர் சங்கங்கள் அமைக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. புண்பட்டவரையும் அவருக்குப் பணிவிடை செய்வோரையும் காக்கும் ஒரு பொதுநெறியை நாடுகள் உடன்பட்டு ஏற்கவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கே வரலாறு மிகுந்த புகழ் அளித்தது. நம் கருத்தில் முதலாவதே ஆழமானது. போர் வந்தபின் இரங்குவது யாருக்கும் இயலும். போர் வருமுன், வெள்ளம் வருமுன், கொள்ளைநோய் வருமுன், ஒருவரையொருவர் அறிந்த உள்ளூர்க் குழு ஒன்று ஆயத்தமாய் இருக்கவேண்டும் என்று கண்டதே டுனான்டின் மெய்யான கண்டுபிடிப்பு. அக்குழுவுக்கு அவர் ஜெனீவாவிலிருந்து மாதிரி தேடவில்லை. காஸ்டில்யோனேயின் பெண்களிடமிருந்தே எடுத்தார். பன்னாட்டு நிறுவனம் உள்ளூர்க் குழுவைப் பெறவில்லை; உள்ளூர்க் குழுவே பன்னாட்டு நிறுவனத்தைப் பெற்றெடுத்தது.

2. நூல் சொல்லாதது

ஆயினும் இந்நூலின் குறைகளை நாம் மறைக்கலாகாது.

முதலாவது, ஆசிரியர் தம்மை அப்போரில் யாதொரு பங்குமற்ற வெறும் வழிப்போக்கராகவே காட்டிக்கொள்கிறார். உண்மையில் அவர் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் காணவே அத்திசை சென்றார். அல்ஜீரியாவில் தாம் தொடங்கியிருந்த ஆலைத்தொழிலுக்கு நிலமும் நீருரிமையும் வேண்டியே அப்பயணம். அல்ஜீரியா அன்று பிரான்சு படையெடுத்துப் பற்றிக்கொண்ட நாடு; அதன் மக்கள் முஸ்லிம்கள். இத்தாலியில் புண்பட்டோர்க்காக உருகிய அதே நெஞ்சம், அல்ஜீரியாவில் நிலமிழந்தோரை எண்ணியதாக இந்நூலில் அடையாளம் இல்லை. இதைச் சொல்வது டுனான்டை இழிவுபடுத்துவதற்காக அன்று. அவர் 1867இல் தொழில் நொடித்து, தாம் நிறுவிய குழுவிலிருந்தே விலக்கப்பட்டு, நீண்டகாலம் வறுமையில் உழன்று, ஹைடன் என்னும் சிற்றூரின் மருத்துவ விடுதியில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர். 1901இல் முதலாவது நோபெல் அமைதிப் பரிசில் பங்குபெற்றபோதும் அவர் அவ்விடுதியை விட்டு நீங்கவில்லை. அவர்மீது கல்லெறிய நமக்குத் தகுதியில்லை. ஆனால் கண்முன் கிடப்பவனுக்கு இரங்குபவன், தன் தொழிலின் மறுமுனையில் கிடப்பவனைக் காணாதிருக்கலாம் என்பது நமக்கும் உரிய எச்சரிக்கை.

இரண்டாவது, போர் ஒழியும் என்னும் நம்பிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டே நூல் தன் வேண்டுகோளைத் தொடங்குகிறது. போரை இடியையும் மழையையும்போல் வரக்கூடியதாகக் கொண்டு, அதன் விளைவைத் தணிக்க முற்படுகிறது. இதற்கு ஒரு மாற்றை மற்றொரு சுவிட்சர்லாந்துக்காரர் காட்டினார். பியர் செரசோல் என்னும் பொறியாளர் 1920இல், முதல் உலகப்போரில் அழிந்த வெர்தன் பகுதியில், எஸ்ன் என்னும் சிற்றூரைக் கட்டியெழுப்ப முன்னாள் பகை நாட்டவரைச் சேர்த்து ஒரு தொண்டர் குழுவைக் கொண்டு சென்றார். 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரை நிலநடுக்கம் சிதைத்தபின் அவரும் அவருடைய தோழரும் நம் நாட்டிற்கு வந்து, சேற்றிலும் வெயிலிலும் ஊர்களை மீண்டும் கட்டும் பணியில் உழைத்தனர். புண்ணுக்கு மருந்திடுவதோடு பகைக்கும் மருந்திட வேண்டும் என்பதும், அம்மருந்து இரு தரப்பாரும் ஒரே மண்வெட்டியைப் பிடிப்பதில் உண்டு என்பதும் செரசோலின் கொள்கை.

மூன்றாவது குறை நூலினுடையதன்று. அதை வாசிக்கும் நம்முடையது. ஆசிரியரின் பெயர் உலகெங்கும் நிலைத்தது. குடம் சுமந்த அப்பெண்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. நாமும் நிறுவனரை நினைவுகூர்ந்து, குடம் சுமந்தோரை மறந்து அருளுரை ஆற்றிவருகிறோம்.

3. பிறனா, அடுத்திருப்பவரா?

இனி லூக்கா 10ஆம் அதிகாரத்திற்கு வருவோம். நியாயசாஸ்திரி கேட்ட கேள்வியில் வரும் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு 'பிறன்' என்றது; 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்றது. இவ்விரு சொற்களும் ஒன்றையே குறிப்பன அல்ல. 'பிறன்' என்பது தன்னல்லாதவன். குறளில் 'பிறனில் விழையாமை' என்னும் அதிகாரத் தலைப்பும் இப்பொருளதே. 'அடுத்திருப்பவர்' என்பது இடத்தால் நெருங்கியவர். ஒரு சொல் வேற்றுமையை முன்னிறுத்துகிறது. மற்றது அண்மையை முன்னிறுத்துகிறது. மொழிபெயர்ப்பாளர் இதில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஆனால் உவமை இரண்டையும் ஒருங்கே வேண்டுகிறது. சமாரியன் யூதனுக்குப் பிறன். ஆயினும் அடுத்திருந்தவன் அவனே.

மேலப்பாளையம் பாளையங்கோட்டைக்கு அடுத்திருக்கிறது. இரண்டும் தாமிரபரணியின் ஒரே கரையில் உள்ளவை; இடையில் ஆறுகூட இல்லை. 1994இல் திருநெல்வேலி மாநகராட்சி அமைந்தபோது இரு நகராட்சிகளும் அதில் இணைந்து, ஒரே மாநகரின் பகுதிகளாயின. நெசவும் பீடித் தொழிலும் வளர்த்த ஊர் அது. செவ்வாய்தோறும் கூடும் அதன் கால்நடைச் சந்தைக்கு எல்லாச் சமயத்தாரும் செல்கின்றனர். நோன்புக் காலத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சிக்குத் தூக்குப் பாத்திரத்தோடு சென்று நிற்கும் பிற சமயக் குழந்தைகளைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் காணலாம். எனினும் நம் சபைகளின் நினைவில் அவ்வூர் அடுத்திருப்பதாக அன்று, பிறிதாகவே இருந்துவருகிறது. தொலைதூர நாடுகளில் துன்புறுவோர்க்காக ஞாயிறுதோறும் மன்றாடும் நாம், இக்குறுகிய தூரத்தைக் கடந்து எத்தனை முறை சென்றிருக்கிறோம்? 2020 ஏப்ரல் தொடக்கத்தில் கொரோனா நோயின்பொருட்டு மேலப்பாளையம் முழுதும் அடைக்கப்பட்டு, நாடெங்கும் ஒரு சமயத்தாரையே நோயின் காரணராகச் சுட்டும் பேச்சு எழுந்தபோது, அப்பேச்சு பொய் என்று நம் பிரசங்க பீடங்களிலிருந்து எத்தனை குரல்கள் ஒலித்தன? இவ்வினாக்களை இக்கட்டுரை எழுதுபவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்கிறார்.

உவமை வரும் இடமும் நோக்கத்தக்கது. அதற்கு முந்திய அதிகாரத்தில்தான் ஒரு சமாரியர் ஊர் ஆண்டவரை ஏற்க மறுத்தது. சீடர் இருவர் வானத்து நெருப்பை வருவிக்க விரும்பினர். ஆண்டவர் அவர்களை அதட்டினார். ஆகவே, சமாரியன் நல்லவனாகும் இவ்வுவமை, சமாரியரோடு கசப்பு நேர்ந்தபின் சொல்லப்பட்டது. கசப்பு நேராத அண்டையாரைப் பற்றி உவமை தேவையில்லை.

மேலும், உவமையைக் கேட்ட யூதன் தன்னை யாரோடு இணைத்துக் காணமுடியும்? ஆசாரியனோடும் லேவியனோடும் இணைய அவன் நாணுவான்; சமாரியனோடு இணைய அவனால் இயலாது. எஞ்சியிருப்பவன், குற்றுயிராய்க் கிடப்பவனே. கேட்பவன் கிடக்கிறான், பிறன் வந்து தூக்குகிறான். டுனான்டையும் நம்மையும் சமாரியனாக நிறுத்தும் அருளுரைகள் இவ்விடத்தில்தான் தவறுகின்றன. தூக்குபவர் நாமே என்று எண்ணிப் பழகிவிட்டோம். தூக்கப்படுபவரும் நாமே என்பதை மறந்தோம்.

இது வெறும் கருத்தன்று. 2020, 2021 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் உறவினரே அஞ்சி ஒதுங்கிய உடல்களை முஸ்லிம் தொண்டர் குழுவினர் பலர் சுமந்து சென்று, இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தனர். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்குத் தங்குமிடமாயிற்று. ஸ்ரீவைகுண்டம் இரயில் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு வண்டி நின்றுபோனபோது, தாங்களே வெள்ளத்தில் சிக்கிய புதுக்குடி ஊரார் தம் வீட்டு அரிசியைக் கொண்டு அவர்களுக்குச் சோறு சமைத்தளித்தனர். நம் பள்ளத்தாக்கின் காஸ்டில்யோனே இவையே. நூலெழுத ஒரு டுனான்ட் வராததால் அவை சிறியன ஆகிவிடவில்லை.

4. நம் சங்கங்களின் மரபு

திருநெல்வேலித் திருச்சபைக்கும் தொண்டர் சங்க மரபு புதியதன்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் 1830இல் தர்ம சங்கத்தைத் தோற்றுவித்தார். துன்புறுத்தப்பட்ட புதிய கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் பணி. டோனாவூர் என்னும் ஊர்ப்பெயர், எங்கோ ஜெர்மானிய மண்ணிலிருந்து டோனா பிரபு அனுப்பிய கொடையின் நினைவு. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாதுவருடப் பஞ்சத்தில் இலண்டனில் திரண்ட நிதி நம் மாகாணத்திற்கு வந்தது. 1903இல் அசரியாவும் தோழரும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, பெறுவோராயிருந்த நாம் கொடுப்போரானோம். நம் தாய்மார் உலைவைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த எளிய பழக்கம், பெரிய நன்கொடைகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இம்மரபைப் போற்றுவதோடு அதை ஆராயவும் வேண்டும். தர்ம சங்கம் நம்மவரைக் காக்கத் தோன்றியது. அன்றைய நிலையில் அது தேவையே. பஞ்சக் காலத்தில் உதவியும் சபைச் சேர்க்கையும் ஒருங்கே நடந்தபோது, வந்தோர் சோற்றுக்காக வந்தனரா என்னும் ஐயம் எழுந்தது. கால்டுவெல் முதலானோர் அதற்கு விடைகூற வேண்டியதாயிற்று. பசித்தவனின் நோக்கத்தை ஆராய்வதைக் காட்டிலும், கொடுப்பவனின் நோக்கத்தை ஆராய்வதே திருமறைக்கு உகந்தது. நம்மவர்க்குக் கொடுத்தோம், நம்மவராகக் கூடியவர்க்குக் கொடுத்தோம், நம்மவராகவே ஆகாதவர்க்கு, ஆகவேண்டும் என்று எதிர்பாராமல், அவரோடு சேர்ந்து கொடுத்தோமா? நம் தொண்டின் வரலாற்றில் இன்னும் முழுமையாக எழுதப்படாத பக்கம் இது.

5. சிலுவையும் பிறையும்

செஞ்சிலுவை இயக்கமே இத்தடையைச் சந்தித்தது. 1876இல் துருக்கியப் பேரரசு, சிலுவைச் சின்னம் தன் முஸ்லிம் வீரர்க்கு ஒவ்வாதது என்று கூறிச் செம்பிறையைப் பயன்படுத்தத் தொடங்கிற்று. சிலுவை எச்சமயத்தையும் குறிக்கவில்லை என்று ஜெனீவா எத்தனை முறை கூறினும், அதைக் காண்பவர் மனத்தில் சிலுவைப் போர்களின் நினைவு நின்றது. 1929இல் செம்பிறையும் ஒப்பந்தத்தில் ஏற்கப்பட்டது. 1965இல் வியன்னாவில் இயக்கம் அறிவித்த ஏழு அடிப்படை நெறிகளுள் மனிதநேயம், பாகுபாடின்மை, நடுநிலை, தன்னார்வத் தொண்டு ஆகியன உள்ளன. இரு சின்னங்கள், ஒரே பணி.

இந்திய முஸ்லிம்களுக்கும் இதில் பழமையான பங்குண்டு. 1912இல் பால்கன் போர் மூண்டபோது, மக்களிடம் திரட்டிய நிதியைக் கொண்டு ஒரு மருத்துவக் குழு துருக்கிக்குச் சென்றது. அதன் தலைவர் டாக்டர் எம். ஏ. அன்சாரி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். நாம் மிஷனெரி சங்கத்தில் கைப்பிடி அரிசியை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் அண்டையார் கடல்கடந்த புண்பட்டோர்க்காகக் காசு சேர்த்தனர். குர்ஆனின் ஒன்பதாம் அதிகாரம் சகாத் பெறுதற்குரியோர் எண்வகையினரைக் கூறுமிடத்தில் வழிப்போக்கரையும் சேர்க்கிறது. எரிகோ சாலையில் விழுந்து கிடந்தவனுக்கு அந்நெறியிலும் இடமுண்டு. ஊர்தோறும் இயங்கும் பைத்துல்மால் நிதிகளும் நம் ஆலயத்து ஏழைகள் நிதிகளும், தனித்தனிக் கணக்கேடுகளில் எழுதப்பட்டாலும், ஒரே வகையான பசியை நோக்கியே திறக்கப்படுகின்றன.

6. ஏற்றுக்கொள்ளப்படுமோ என்னும் அச்சம்

பன்னாட்டு உதவிக்குத் திருமறையில் முதற்சான்று அப்போஸ்தலர் 11ஆம் அதிகாரத்தில் உள்ளது. அந்தியோகியா என்னும் உள்ளூர்ச் சபை, பஞ்சத்தில் வாடும் யூதேயாவுக்குப் பொருள் அனுப்பியது. பின்னர்ப் பவுல் புறவினத்தார் சபைகளில் திரட்டிய காணிக்கை இதன் தொடர்ச்சி. அதை எடுத்துச் செல்லும் வேளையில் ரோமர் 15:31இல் அவர் கேட்கும் மன்றாட்டு வியப்பளிக்கிறது: அக்காணிக்கை எருசலேமில் ஏற்றுக்கொள்ளப்படவேண்டும் என்று மன்றாடக் கேட்கிறார். கொடுப்பவர் அஞ்சுகிறார்! நம் உதவி நிதிகளில் இவ்வச்சம் எப்போதேனும் இருந்ததுண்டா? ஏற்பவர் நன்றிகூறுவதே முறை என்று எண்ணுகிறோம். பவுலோ, ஏற்பவர் ஏற்பதே தனக்கு அருள் என்று எண்ணினார். செரசோலின் வெர்தன் குழுவுக்கும் இதுவே நேர்ந்தது. ஜெர்மானியர் கைகளால் தம் ஊர் கட்டப்படுவதை அவ்வூரார் தாங்கிக்கொள்ள இயலாமல், பணி சில மாதங்களில் நின்றது. கொடுக்கப்படாத உதவியும் உண்டு. ஏற்கப்படாத உதவியும் உண்டு. இரண்டுக்கும் காரணம், துன்பம் வருமுன் உறவு இல்லாமையே.

இங்கேதான் டுனான்டின் முதல் வேண்டுகோள் நம்மை நோக்கித் திரும்புகிறது. அமைதிக் காலத்திலேயே குழு அமையவேண்டும். ஆயர்கள் தம் சேகரத்து வாலிபரையும் அண்டையிலுள்ள ஜமாஅத்தின் இளைஞரையும் வெள்ளம் வருமுன் ஒரே மேசையில் அமர்த்தலாம். குருதிக்கொடையாளர் பட்டியல், படகு வைத்திருப்போர் பட்டியல், தனித்து வாழும் முதியோர் பட்டியல் ஆகிய மூன்றும் இரு சமயத்தாருக்கும் பொதுவாக இருக்கலாம். ஆலயத்தில் அசனப் பண்டிகையின்போது நாம் ஆக்கும் சோறும், அவர்கள் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும், ஆண்டுக்கொருமுறை நடைபெறும் விழாக்களாக மட்டும் நில்லாமல், ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைக்கப் பழகும் பந்திகளாகலாம். அவ்வூரிலிருந்து தொலைநாட்டுப் போரில் மடியும் குழந்தைகளுக்காகக் குரல் எழும்போது, அது யாருடைய குழந்தைகள் என்று கேளாமல் நாமும் உடன் நிற்கலாம்; நம் துயரத்தில் அவர்களும் நிற்பர். இறையியல் மாணவர்க்கு நாம் கூறவிரும்புவதும் இதுவே: சமயங்களுக்கிடையிலான உரையாடலைப் பற்றிய தாள்களை எழுதுமுன், குளவணிகர்புரம் வழியாக ஒருமுறை நடந்து சென்று வாருங்கள்.

டுனான்டின் நூல் சிறந்த நூலே. அதன் சிறப்பு, ஒரு மனிதர் ஓர் ஊரிடம் கற்றார் என்பதில் உள்ளது. அதன் குறை, அவர் கற்றுக்கொண்ட இரக்கம் அவருடைய தொழில் சென்ற அல்ஜீரியாவரை செல்லவில்லை என்பதில் உள்ளது. நம் இரக்கமோ கடல் கடந்து செல்கிறது; காணிக்கைப் பைகளில் நாடுகளின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. அது மேலப்பாளையம்வரை சென்றதா என்பதே நாம் கணக்கொப்புவிக்க வேண்டியது. சென்றால், அங்கே நமக்கு முன்னரே ஒருவர் குடத்தோடு நிற்பதைக் காண்போம்.